மூடித் தொட்டில்

அந்தத் தொட்டிலுக்கு மூடி உண்டு. உள்ளே அழுதால் வெளியே கேட்காது. அழுகையின் காரணம் மட்டும் சுவரில் எழுத்தாக வரும். பிள்ளை அழ வாயெடுத்தாலே அதில் போட்டு மூடுவதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம்.

காலையிலிருந்து சுவரில் 'வாயு' என்றே வந்தது. பெனிட்டா ஓமத்தண்ணீர் புகட்டினாள். துணியில் மலத்தோடு சளியும் ரத்தமும் கண்ட பிறகுதான், துவண்டு கிடந்த மகன் ஆரோனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"விட்டு விட்டு அழுதானா? அழுறப்ப காலை மடக்கினானா?" என்று டாக்டர் கேட்டார். "வெறும் வாயுவா, குடலுக்குள்ள குடல் சொருகிருக்கான்னு அதை வச்சும் பாப்போம்மா."

"தெரியல டாக்டர். தொட்டில்ல இருந்தான்."

நர்ஸ் ஆரோனை ஸ்கேன் அறைக்குள் கொண்டுபோனாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு வீறல் கேட்டது. டாக்டர் உள்ளே ஓடினார்.

பெனிட்டா வெளியிலேயே நின்றாள்.

"பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றாள்.