மூன்று தேசத்துக்கும் ஒரு ஜெபம்

1946. அறுப்பின் பண்டிகைக்குச் சேர்ந்த தானியத்தை எலி கடிக்கிறதென்று, பணியாளன் ஞானமுத்துவைப் பொறி எடுத்துவர அனுப்பினார் போடி ஆலயத்துப் போதகர். பஜார் கடைக்காரர் தங்கபாண்டியின் மனைவி சுகிர்தம் ஒரு பெட்டிச் சோளத்தோடு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ரேடியம் வச்சதுல கன்னத்துப் புத்துநோவு குணமாயிருச்சுங்கய்யா. அவருக்காக உசுரக் குடுத்தவுகளுக்கு ஒரு ஜெபம் பண்ணணும்."

"யாரும்மா அவுக?"

"லண்டன்ல கொஞ்சப் பேரு, பாரிஸ்ல கொஞ்சப் பேரு, அமெரிக்காவுல கொஞ்சப் பேரு. ரேடியம் எம்புட்டு வச்சா ஒடம்பு தாங்கும்னு மூணு தேசத்து டாக்டர்மாரும் அவுக மேலதான் வச்சுப் பாத்தாகளாம். பாத்ததை ஒருத்தருக்கொருத்தர் கடுதாசியில எழுதிக்கிட்டாகளாம். வைத்தியம் பாத்த டாக்டரய்யா சொன்னாக."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "பாவம். ஜெயில் கைதிகளாம்மா?"

"இல்லங்கய்யா, எலிக. வெள்ளைச் சுண்டெலிக, ஆயிரக்கணக்குல."

சுகிர்தம் சிரிக்கவில்லை. போதகரும் சிரிக்கவில்லை. சோளத்தை வாங்கிப் பீடத்தருகே வைத்து, மூன்று தேசத்தின் பேரையும் சொல்லி நிதானமாக ஜெபித்தார்.

ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது ஞானமுத்து பொறியோடு நின்றிருந்தான்.

"பொறி வேணாம், திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுரு," என்றார் போதகர். "இந்தச் சோளத்தை மட்டும் மூடாம வையி."