வடக்கே போன பல்செட்

ஐப்பசி மூன்றாம் தேதி தரங்கம்பாடிக் கடலில், ஒரு பிளாஸ்டிக் டப்பா படகிலிருந்து தவறி விழுந்து அலையில் மிதந்து போனது. உள்ளே கலியமூர்த்தியின் பல்செட் இருந்தது. வலை இழுக்கும்போது கத்தினால் கழன்றுவிடும் என்று எப்போதும் அதைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார். மகள் கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் பொக்கை வாயோடு எப்படிச் சிரிப்பது என்பதே அவர் கவலை.

“ஐப்பசி பொறந்தா தண்ணி தெக்கதான் ஓடும்” என்று தினமும் காரைக்கால் வரை கரையோரமாகத் தேடினார்.

அவர் மனைவி தையல்நாயகி கடலில் இறங்கி நின்று பார்த்தாள். நீர் இன்னும் அவள் காலை வடக்கேதான் இழுத்தது.

“யோவ், காலண்டரப் பாத்தா கடல் ஓடுது? வாடக்காத்து வந்தாதான் தண்ணி தெக்க திரும்பும், அதே இன்னும் வரல. வடக்க போய்த் தேடு.”

“நாப்பது வருசமா கடலுக்குப் போறது நானா, நீயா?”

“பல்லில்லாம சண்டைக்கு வராத. வெறும் காத்துதான் வருது.”

அவர் கேட்கவில்லை. அவள் பூம்புகாரில் இருக்கும் தம்பிக்கு போன் செய்து, கரையில் பார்க்கச் சொன்னாள்.

கல்யாணத்துக்கு மறுநாள் பூம்புகாரிலிருந்து டப்பா வந்து சேர்ந்தது. கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் கலியமூர்த்தி வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில், ஒரு பல்கூட விழாத தையல்நாயகியும் அப்படியே நிற்கிறாள்.