மீட்டர் கேட்ட நல்லுசாமி

“குடிசைக்கு அரசாங்கமே கரண்ட் சும்மா தருது. அதை வேணாம்னு எழுதிக் கொடுக்கறீங்களே, என்னண்ணா நெனப்பு?” மின்வாரிய அலுவலகத்தில் பிரவீனா கேட்டாள்.

சானமாவிலிருந்து மூன்றாம் முறையாக வந்திருந்தார் நல்லுசாமி. “மீட்டர் வையுங்க மேடம். பில்லு கட்டிடறேன்.”

“கிரைண்டர், ஃபிரிட்ஜ் ஏதாச்சும் வாங்கிட்டீங்களா?”

“ஒத்த பல்பு. அரசாங்கம் குடுத்த டிவி. அவ்ளோதான்.”

“அதுக்கு இலவசமே போதுமே! மகன் ஓசூர் கம்பெனியில சம்பாதிக்கறான்னு பவுசா?”

“அவன் பெங்களூரு போயி நாலு வருசமாச்சு மேடம்.”

“அப்ப மீட்டர் எதுக்கு?”

நல்லுசாமி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா உங்க ஆளு ரீடிங் எடுக்க வர்றாரு. பக்கத்து வீட்டு வாசல்ல நின்னு, ‘வீட்ல யாருங்க?’ன்னு கூப்புடறாரு. எனக்கு மீட்டர் இல்லியா, தாண்டிப் போயிடறாரு. எம்பொஞ்சாதி போனதுல இருந்து என் வாசல்ல ஒருத்தரும் கூப்புட்டதில்ல மேடம்.”

பிரவீனா விண்ணப்பத்தை வாங்கி முத்திரை குத்தினாள். “வெள்ளிக்கிழமை மீட்டர் மாட்ட ஆள் வருவாருண்ணா.”

“எத்தினி மணிக்கு மேடம்? ரெண்டு பேருக்கா சோறாக்கி வெக்கறேன்.”