செவலைக்கு எந்தக் கியர்?

செவலை என்ற சிவப்புக் கார் வாரம் முழுக்க ஆபீஸுக்குப் போகும். ஞாயிறானால் பந்தயத் தளத்தில் ஓடும். பின் அச்சின் கியர் தேய்ந்துபோகவே, வேறு கியர் பார்க்கப் பட்டறைக்கு வந்தது.

"என்னைப் பூட்டிக்கோ. நின்ற இடத்திலிருந்து பாய்வே," என்றது இழுவைக் கியர்.

"கிளம்புறதுக்குக் கொஞ்சம் சோம்பல்தான். ஆனா என்னைப் பூட்டினா நெடுஞ்சாலையில சத்தமே இல்லாம போகலாம்," என்றது நிதானக் கியர்.

சோம்பல் என்ற சொல்லே செவலைக்குப் பிடிக்கவில்லை. இழுவையைப் பூட்டிக்கொண்டது.

சிக்னலுக்குச் சிக்னல் எல்லாரையும் முந்தியது, பெருமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குக் கிளம்பி நெடுஞ்சாலையில் ஏறி வேகமெடுத்ததும், இழுவைக்கு ஈடுகொடுத்து அளவுக்கு மீறிச் சுற்ற வேண்டியிருந்த எஞ்சின் அலற ஆரம்பித்தது. பக்கத்தில் வந்த தண்ணீர் லாரி பதறிப்போனது.

"என்ன தங்கச்சி, யாராவது அடிச்சுட்டாங்களா?"

"இல்லண்ணே, பந்தயத்துக்குப் போறேன்."

"இங்கேயே இப்படிக் கத்தித் தீர்த்துட்டா, அங்கே போய் என்ன செய்வே?"

பந்தயத்தில் செவலைதான் முதலில் பாய்ந்தது. நீளமான நேர்ப்பாதை வந்ததும் எஞ்சினால் அதற்கு மேல் சுற்ற முடியவில்லை. மற்ற கார்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. செவலைக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் பட்டறையில், "இப்பவாவது என்னைப் பூட்டு," என்றது நிதானம். "இன்னொரு தடவை பார்க்கலாமே," என்றது இழுவை.

செவலை இரண்டையும் விட்டுவிட்டு எஞ்சினிடம் கேட்டது: "உனக்கு எதுடா சரிப்படும்?"

"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு பாருக்கா," என்று கம்மிய குரலில் சொன்னது எஞ்சின். "இன்னிக்கு வேற எதுவும் கேக்காதே. தொண்டை கட்டியிருக்கு."