தானாக வராதது

"கரேஜ் கேம்," என்றார் குழந்தைவேலு.

"தப்புண்ணே," என்றாள் பிரேமாவதி டீச்சர். "தமிழ்லதான் தைரியம் வரும். இங்கிலீஷ்ல அதை நாமதான் எடுத்துக்கணும். டேக் கரேஜ். எங்க, சத்தமா சொல்லுங்க."

குழந்தைவேலு வாசலை எட்டிப் பார்த்தார். "மெதுவா லா, டீச்சர்! ஜப்பான்காரன் காதுல விழுந்தா ரெண்டு பேரு தலையும் போயிடும்."

"போனாப் போகட்டும். லூஸ் கரேஜ்னா?"

"தைரியத்தை விட்டுடறது."

"அது மட்டும் சட்டுனு வந்துடுது உங்களுக்கு!"

வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது. குழந்தைவேலு துள்ளி எழுந்து, போலீஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு, உள்ளே வந்த ஜப்பானிய அதிகாரிக்குக் குனிந்து வணங்கினார்.

"அவளுக்குப் பயம் வந்துச்சா?" என்று அரைகுறை மலாயில் கேட்டான் அதிகாரி.

"இன்னும் வரலை, துவான்."

"சாயந்திரம் லாரியில அலோர் ஸ்டார் ஜெயிலுக்கு அனுப்பிடு. அங்கே வர வைப்பாங்க."

அவன் போனதும், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற டீச்சரைக் குழந்தைவேலு பார்த்தார். செமிலிங் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தடைசெய்யப்பட்ட ஆங்கிலத்தைச் சொல்லிக்கொடுத்த குற்றத்துக்காக, நேற்று அவளுக்கு விலங்கு மாட்டி இழுத்து வந்தவரே அவர்தான்.

இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்து, பின்வாசலைக் காட்டினார்.

"டேக் கரேஜ்," என்றார், சத்தமாகவே.