சாந்தாயி

மருமகள் திவ்யா குழந்தையை என் மடியில் வைத்தாள்.

ஒத்தக்கடை வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். பேத்தியின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டியவன், வீட்டுக்கு மூத்தவனான நான்.

பெயரைத் திவ்யாதான் தேர்ந்தெடுத்தாள். பரணை ஒழித்தபோது ஒரு பித்தளைச் செம்பு அகப்பட்டது. அதன் கழுத்தில் 'பூங்கோதை' என்று வெட்டியிருந்தது.

யாருடையது என்று அன்றே கேட்டாள். பழைய பாத்திரக் கடையில் வாங்கியது என்றேன்.

அந்தப் பெயர் வெட்டிய மற்ற பாத்திரங்களை எல்லாம் அந்தக் காலத்திலேயே உருக்கக் கொடுத்துவிட்டோம். அது ஒன்று எப்படித் தப்பியதோ.

திருமங்கலத்துத் தோட்டத்தில், கிணற்றடியில் எங்கள் சாமி இருக்கிறாள். சாந்தாயி என்போம். சாந்தமானவள் அல்ல. ஒரே வருடத்தில் அப்பாவையும் சித்தப்பாவையும் கொண்டுபோனவள். உழவு மாடுகளையும் விடவில்லை.

கல் நட்டு, சாந்தாயி என்று கூப்பிட ஆரம்பித்த பிறகே ஓய்ந்தாள். ஆடி மாதம் பாவாடையும் வளையலும் ரிப்பனும் வைத்துக் கும்பிடுகிறோம். உண்மைப் பெயரை வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை.

அது தெரிந்தவர்களில் நான் ஒருவனே மிச்சம். மகன் அழகுபாண்டிக்குக்கூடச் சொன்னதில்லை.

எங்கள் குடும்பத்தைப் பற்றி இன்றுவரை எவனும் ஒரு சொல் பேசியதில்லை. இந்தப் பெயர் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்பார்கள். அதனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

குழந்தை சிணுங்கியது. திவ்யாவின் தாயார் சோணையம்மாள் பொறுமை இழந்தாள்.

"என்னண்ணே, பேத்தி காதுல பேரு சொல்ல இம்புட்டு வெக்கமா? புள்ளைக்குப் பசிக்குதுல்ல, சொல்லுங்கண்ணே!"

எல்லோரும் சிரித்தார்கள்.

முதுகை வளைத்துக் குனிந்தேன். ஐம்பத்து மூன்று வருடங்களுக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னேன்.

பேத்தி அழுகையை நிறுத்தி, குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

அவளும் அப்படித்தான் திரும்பியிருப்பாள்.

பிடித்தவனோடு போவதற்காகத் தோழி வீட்டில் ஒளிந்திருந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் கிணற்றடியில் காத்திருந்தார்கள். நான் தோழி வீட்டு வாசலில் நின்று ஒரு தடவைதான் கூப்பிட்டேன்.

அண்ணன் குரல் என்று கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.