எங்கேயும் கிடைக்காத ஹலுஷ்கா

"ஹலுஷ்கா கார்டு இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா?"

பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைத் தட்டுவதற்கு முன்பே அந்த அம்மாள் கேட்டுவிட்டாள்.

கிளாசன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். பிராண்டன் நகரில் பதினெட்டு வருடமாக, ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டுகளை விற்கும் கடை வைத்திருப்பவன். எந்தக் கார்டை யார் எதற்காக வாங்குகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான். இந்த அம்மாள் விஷயத்தில் மட்டும் அவனுக்குப் பிடி கிடைக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் முதன்முதலாக வந்தபோது, வாரன் ஹலுஷ்காவின் முதல் சீசன் கார்டுகள் வாசலோரப் பெட்டியில், 'டாலருக்கு ஐந்து' என்ற சீட்டுக்குக் கீழே கிடந்தன. பெரிய லீக்கில் பதினான்கே ஆட்டம் ஆடிவிட்டுக் காணாமல்போன கோல்கீப்பர். படத்தில் முகம்கூடத் தெரியாது, முகமூடிதான். அவள் பெட்டியைக் கிளறிப் பதினோரு கார்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள். அதன்பின் மாதம் தவறாமல் வந்தாள். வின்னிபெக், டாஃபின், ரெஜைனா என்று மற்ற ஊர்களில் தெரிந்த கடைக்காரர்களை எல்லாம் கிளாசன் விசாரித்தான். அங்கேயும் ஒரு அம்மாள் வந்து ஹலுஷ்காவைத் துடைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

கிடைக்கவில்லை என்று ஆனதும், அதுவரை சீண்டாதவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். விலை ஒரு டாலரானது, பத்தானது, எழுபதானது.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. இருநூறு," என்றான் கிளாசன்.

"போன மாசம் நூத்திமுப்பதுன்னீங்க?"

"போன மாசம் மூணு இருந்துச்சு. ரெண்டை நீங்கதான் வாங்கினீங்க. இந்த விலைய ஏத்தினதே நீங்கதாம்மா."

அவள் பேரம் பேசவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுப் பணத்தை எடுத்து வைத்தாள். முகத்தில் சந்தோஷம்கூடத் தெரிந்தது.

கிளாசனுக்குப் பொறுக்கவில்லை. "எனக்குத் தெரியாதது என்னமோ உங்களுக்குத் தெரியும். அந்த ஆளுக்கு ஏதாவது பெரிய விருது வருதா?"

"ஹலுஷ்காவுக்கா? ஒரே ஆட்டத்துல ஒம்பது கோல் விட்ட ஆளுக்கு யாரு விருது குடுப்பாங்க?"

"அப்புறம் எதுக்கு இவ்வளவு பிடிவாதம்?"

"நான் ஒண்ணு கேக்கறேன் தம்பி. நாளைக்கு யாராவது வந்து இந்தக் கார்டைக் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"மாகாணம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காதும்பேன்."

"விலை?"

"கிடைச்சா முந்நூறுக்குக் குறையாது."

"அதை நீங்க பொய்யா சொல்லக்கூடாது. நெசமாவே அப்படி ஆகணும்னுதான் ரெண்டு வருஷமா அலைஞ்சேன்."

அவள் கிளம்பிப் போனாள். கெட்டிக்காரி, என்று நினைத்துக்கொண்டான் கிளாசன். எல்லாவற்றையும் வளைத்துப்போட்டு வைத்துக்கொண்டு, இன்னும் ஏறியதும் சொன்ன விலைக்கு விற்கப்போகிறாள்.

சனிக்கிழமை, முழங்காலை இழுத்து இழுத்து நடந்தபடி ஒரு பெரியவர் உள்ளே வந்தார். நல்ல உயரம், ஆனால் குனிந்தே நடந்தார்.

"பக்கத்து மருந்துக்கடைக்கு வந்தோம். சும்மா பாத்துட்டுப் போலாம்னு..." என்றவர், நேராக வாசலோரப் பெட்டியிடம் போய் ஒவ்வொரு கார்டாகத் தள்ளிப் பார்த்தார். முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

"என்ன தேடறீங்க ஐயா?"

"ஹலுஷ்கான்னு ஒரு கோல்கீப்பர். பழைய ஆளு. உனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியாம என்ன? அது இந்தப் பெட்டியில கிடந்த காலமெல்லாம் போயிடுச்சு. மாகாணம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. கிடைச்சா முந்நூறு."

"வயசானவன்னு கேலி பண்றியா தம்பி?"

கிளாசன் கல்லாவின் கீழிருந்து நோட்டை எடுத்து, கார்டு வந்தால் சொல்லச் சொல்லிப் பெயர் கொடுத்திருந்த நான்கு பேரைக் காட்டினான். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். பிறகு முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"மூணு வருஷத்துக்கு முன்னால இந்தக் கடைக்கு வந்தேன். டாலருக்கு அஞ்சுன்னு சீட்டு ஒட்டி, இதே பெட்டியிலதான் கிடந்தேன்."

கிளாசன் நிமிர்ந்து பார்த்தான். "நீங்களா அது?"

"நான்தான். அப்ப ஐஸ் ரிங்க்ல பொண்ணுங்களுக்குக் கோல் காக்கச் சொல்லிக்குடுத்துட்டிருந்தேன். இருபது சென்ட்டு பெறுமானமுள்ளவன் யாருக்கு என்னத்தச் சொல்லிக்குடுக்கறதுன்னு, வீட்டுக்குப் போனதும் ஸ்கேட்டைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். அதுக்கப்புறம் ரிங்க் பக்கமே போகல. இன்னிக்கு என்னவோ, ஒரு தடவை பாத்துடலாம்னு தோணுச்சு."

பிறகு கல்லாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்குப் பயிற்சி. இன்னும் அதே நேரம்தான்னு நெனைக்கறேன். போய்ப் பாக்கறேன்."

கை கொடுத்தார். முழங்கால் இழுத்தாலும் இப்போது நிமிர்ந்தே நடந்தார். கிளாசன் கூடவே போய்க் கதவைத் திறந்து பிடித்தான். வாசலில் நின்றிருந்த காரின் கதவைத் திறந்து பெரியவர் குனிந்தார்.

"ஐலீன், இந்தத் தம்பி என்ன சொல்றாருன்னு கேளு. என் கார்டு எங்க தேடியும் கிடைக்கலியாம்."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அவர் மனைவி, முன்பின் பார்த்திராத ஆளைப் பார்ப்பதுபோல் கிளாசனை ஏறிட்டாள்.

"அப்படியா தம்பி? எனக்கு இந்தக் கார்டு விஷயமெல்லாம் ஒண்ணும் தெரியாது," என்றாள், கடைசி ஹலுஷ்காவை இருநூறு டாலருக்கு வாங்கிப் போயிருந்த அந்த அம்மாள்.